பட்டியைக் கையில் எடுக்குமுன் இடுக்கை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறையை ஒட்டி உங்கள் ஞாயிறு பதிப்பில் வரும் மரக் கப்பல் மாதிரித் தொடர் நல்ல முயற்சி. பெட்டியோடு வரும் விளக்கத் தாளை வைத்துக்கொண்டு பிள்ளைகள் விழி பிதுங்கும் வேலையில், தமிழில் ஒவ்வொரு படியாகச் சொல்ல ஆள் இருப்பது பெரிய விஷயம். ஆனால் மேல்தளப் பலகைகளுக்கு இடையே இடுக்கு விழுந்தால் என்ன செய்வது என்பதைச் சென்ற வாரப் பகுதியில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். வூட் ஃபில்லரை, அதாவது கடையில் விற்கும் மரப் பட்டியை, அப்பி, காய்ந்ததும் தேய்த்துவிட்டால் போதுமாம். முதல் கப்பலைக் கட்டுகிறவர் தளத்தைக் கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அலமாரிக் கதவுக்குப் பட்டி பார்ப்பது வேறு. அங்கே மேலே பெயிண்ட் ஏறப்போகிறது. கப்பல் தளத்தில் ஏறுவது வார்னிஷ். வார்னிஷ் பட்டதும் மரம் ஒரு படி கருக்கும். கடையில் வாங்கிய பட்டி மரத்தைப் போல அதைக் குடிக்காது. தேய்த்து முடித்தபோது கண்ணுக்கே தெரியாமல் ஒத்துப்போன நிறம், வார்னிஷ் காய்ந்தபின் வெளுத்த கோடாக எழுந்து நிற்கும். போதாததற்கு, அப்பும்போதே பட்டி பக்கத்துப் பலகைகளின் துளைகளிலும், பலகை விளிம்பில் தடவிய பென்சில் கோடுகளிலும் புகுந்து தளத்தையே மங்கலாக்கிவிடும். தேய்த்து எடுக்கலாம் என்றால், தொடக்கநிலைப் பெட்டிகளில் தளப்பலகைக் கீற்றின் கனமே 0.5 முதல் 1 மி.மீ. வரைதான். அழுத்தித் தேய்த்தால் அடியில் இருக்கும் பிளைவுட் பல்லைக் காட்டும்.

முதலில் செய்ய வேண்டியது அளப்பது. மோட்டார் பட்டறையில் இருக்கும் ஃபீலர் கேஜ் (இடுக்கில் விட்டு அளக்கும் மெல்லிய தகடுகள்) கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குடிமுழுகிப் போகாது. அச்சுப்பொறிக்குப் போடும் 80 கிராம் ஏ4 தாளின் கனம் ஏறக்குறைய 0.1 மி.மீ. வங்கி அட்டையின் கனம் 0.76 மி.மீ. தாளைக் கீற்றாக வெட்டி, ஒன்று, இரண்டு, ஐந்து என்று சேர்த்து இடுக்கில் விட்டுப் பார்த்தால் எந்த இடுக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மெல்லிய பென்சிலால் எண்ணைக் குறித்துக்கொள்ளலாம்.

இரண்டு தாள் மட்டுமே நுழைகிற இடுக்கை, அதாவது 0.2 மி.மீ. வரையுள்ளதை, அடைக்கவே வேண்டாம். நிஜமான மரக்கப்பலின் தளத்தில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே இடுக்கு இருந்தே தீரும். அதில் தாரில் நனைத்த சணல் நாரை இரும்பும் சுத்தியலும் கொண்டு அடித்து இறுக்கி, மேலே கீல் ஊற்றி அடைப்பார்கள். திரெங்கானுவில் புலாவ் டூயோங்கில் செங்கால் மரத்தில் படகு கட்டும் ஆசாரிகள் கெலாம் மரத்தின் பட்டையைப் பலகைகளுக்கு நடுவே வைத்தே கட்டுகிறார்கள். நீரில் நனைந்ததும் அது உப்பி இடுக்கை அடைத்துக்கொள்ளும். நிஜத்தில் 6 முதல் 10 மி.மீ. வரும் அந்தக் கோடு 1:64 அளவில் 0.1 முதல் 0.16 மி.மீ. ஆகிறது. அந்த அளவு இடுக்கில் கூராகச் சீவிய 2பி பென்சிலை ஒருமுறை ஓட்டினால் வேலை முடிந்தது. அதைப் போய் அடைப்பது, இருக்க வேண்டிய ஒன்றை அழிப்பது.

அதைவிடப் பெரிய இடுக்குகளை அடைக்குமுன் அவை ஏன் வந்தன என்று பார்க்க வேண்டும். காரணம் தெரியாமல் அடைத்தால் பக்கத்தில் புதிதாக ஒன்று திறக்கும். இடுக்கின் வடிவமே காரணத்தைச் சொல்லிவிடும். ஒரு முனையில் குறுகி மறுமுனையில் விரிந்தால், நடுக்கோட்டில் ஒட்டிய முதல் பலகையே கோணலாக உட்கார்ந்திருக்கிறது. நடுவில் மட்டும் வயிறு வைத்தாற்போல் விரிந்தால், அந்தக் கீற்று வாள்போல் வளைந்தது. பெட்டியிலேயே அப்படி வந்திருக்கும். பலகைகளின் முனைகள் சந்திக்கும் இடத்தில் மட்டும் முக்கோணமாகத் தெரிந்தால், கத்தரியாலோ மழுங்கிய கட்டராலோ வெட்டியதில் முனை 90 பாகையில் இல்லை. இடுக்கும் இருந்து, பலகை ஒன்றுக்கொன்று உயரமும் தாழ்வுமாக இருந்தால், அடியிலுள்ள பிளைவுட் சட்டங்களின் மேல் சரியாக அமரவில்லை. அப்போது மேலே என்ன செய்தாலும் வீண். சட்டத்துக்கும் பிளைவுட்டுக்கும் நடுவே ஒட்டுத்துண்டு கொடுத்துத் தூக்க வேண்டும்.

இன்னொரு வகை நம் ஊருக்கே உரியது. தளம் ஒட்டி முடித்த அன்று முடி நுழையாது. இரண்டு மாதம் கழித்து ஐந்தாறு பலகைக்கு ஒரு பெரிய பிளவு இருக்கும். பினாங்கில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கும்போது மரம் தன் எடையில் 16 விழுக்காடு அளவுக்கு ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஏர்கோன் ஓடும் அறையில் ஈரப்பதம் 55-க்கு இறங்கினால் மரத்தின் ஈரம் 10-க்கு வந்துவிடும். இந்த ஆறு விழுக்காட்டு இறக்கத்தில், பெட்டிகளில் அதிகம் வரும் பாஸ்வுட் கீற்று 5 மி.மீ. அகலத்துக்கு 0.07 முதல் 0.09 மி.மீ. வரை சுருங்கும். ஒரு தாள் கனம்கூட இல்லையே, இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றும். விஷயம் பசையில் இருக்கிறது. வெள்ளைப் பசையைத் தாராளமாகப் போட்டு அழுத்தும்போது அது பக்கவாட்டில் பிதுங்கி பலகைகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடுகிறது. ஆறு பலகை சேர்ந்து ஒரே பலகையாகிவிட்டால் ஆறின் சுருக்கமும் பசை பலவீனமான ஓரிடத்தில் வந்து சேரும். அதுவே அரை மி.மீ. பிளவு. குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பிளைவுட் அவ்வளவாகச் சுருங்குவதில்லை என்பதால் மேலே உள்ளதுதான் பிளந்து இடம் கொடுக்க வேண்டும்.

ஆகவே ஒட்டி முடித்த தளத்தை, மாதிரி கடைசியில் எங்கே இருக்கப்போகிறதோ அந்த அறையில் மூன்று நான்கு வாரம் விட்டுவைத்து, அதன்பின் இடுக்கைச் சரிசெய்வதுதான் முறை. விளக்குப் பொருத்திய கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதாக இருந்தால் இது இன்னும் முக்கியம். மழைக்காலத்தில் திறந்த வராந்தாவில் உட்கார்ந்து அடைத்த இடுக்கு, பெட்டிக்குள் போனதும் அடைப்பின் ஓரத்திலேயே மறுபடி விரியும்.

அடுத்து, கப்பலின் வரைபடத்தை எடுத்து எந்த இடுக்கெல்லாம் மறையப்போகிறது என்று பாருங்கள். சரக்கறை வாயைச் சுற்றி வரும் சட்டம், கிராதி, நங்கூர உருளை, அறைகள், மேலே கட்டும் சிறு படகு எல்லாம் சேர்ந்து தளத்தில் நிறைய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பக்கச் சுவரை ஒட்டி ஓடும் ஓரப்பலகை 2 அல்லது 3 மி.மீ. அகலத்துக்கு மேலேயே படியும். ஓரத்தில் தெரியும் பல்வரிசை போன்ற இடுக்கெல்லாம் அதன் அடியில் போய்விடும். மறையப்போகிற இடத்தில் மணிக்கணக்காகச் சிம்பு (இடுக்கில் செருகும் மெல்லிய மரக் கீற்று) வைத்துக்கொண்டிருப்பது பொறுமை அல்ல, வரைபடத்தைப் பார்க்காததன் கூலி.

மிச்சத்துக்கு வருவோம். 0.2-க்கும் 0.5-க்கும் இடைப்பட்டவற்றுக்கு அதே மரத்தின் தூளே போதும். மீந்த கீற்றை 240 எண் உப்புத்தாளில் தேய்த்துத் தூளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இதை வெள்ளைப் பசையில் குழைத்து அடைப்பதுதான் பலரும் செய்வது. அதில் இரண்டு குறை உண்டு. குழைத்த தூள் காய்ந்ததும் மரத்தைவிடக் கருத்துவிடும். பலகையின் மேல் ஒட்டிய பசை வார்னிஷை உள்ளே விடாமல் திட்டுத்திட்டாக வெளுக்கும். பசைக்குப் பதில் சாண்டிங் சீலரிலோ (வார்னிஷுக்கு முன் மரத்துளையை அடைக்கப் பூசுவது) ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கிலோ குழைத்தால் இரண்டாவது குறை வெகுவாகக் குறையும். முதலாவதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கப்பல் தளத்தில் கோடு கொஞ்சம் கருத்துத் தெரிவது இயல்பு. ரொம்பக் கருத்தால் ஐஸ்கிரீம் குச்சியின் தூளைப் பாதிக்குப் பாதி கலக்கலாம். இடுக்கில் திணிக்கப் பல்குச்சியைத் தட்டையாகச் சீவிக்கொண்டால் போதும். காயும்போது கொஞ்சம் உள்வாங்கும் என்பதால் மறுநாள் இன்னொரு தடவை தேவைப்படும்.

அரை மி.மீ.-க்கு மேல் போனால் தூள் பயன்படாது. காய்ந்து வெடிக்கும், இல்லையேல் பெயர்ந்து விழும். அங்கே சிம்பு வைக்க வேண்டும். இதில்தான் கை பழக வேண்டும் என்பதால் நிதானமாகச் சொல்கிறேன்.

இடுக்குக்கு ஏற்றபடி சிம்பைச் சீவ முயல்வது தப்பு. கோணல்மாணலான இடுக்குக்குக் கோணல்மாணலான சிம்பு யாராலும் சீவ முடியாது. முதலில் இடுக்கை நேராக்குங்கள். இரும்பு அளவுகோலை வைத்து, புதுக் கத்தியால் மூன்று நான்கு இலேசான இழுப்பில் ஒரு பக்க விளிம்பை மட்டும் நேராக வெட்டுங்கள். இடுக்கு கொஞ்சம் பெரிதாகும், பரவாயில்லை. உள்ளே காய்ந்து கண்ணாடிபோல் நிற்கும் பழைய பசையைக் கத்தியின் முதுகால் சுரண்டி எடுங்கள். அது இருந்தால் சிம்பு அடிவரை இறங்காது. பிறகு நாரோட்டம் நேராக ஓடும் ஒரு மீந்த கீற்றைக் கண்ணாடி மேல் வைத்து, இடுக்கைவிட 0.2 மி.மீ. அகலமாகச் சிம்பு வெட்டுங்கள். நார் குறுக்கே வெளியேறும் கீற்றில் வெட்டினால் பாதியில் ஒடியும். வெட்டிய சிம்பின் இரு பக்கத்தையும் கட்டையில் ஒட்டிய 320 எண் தாளில் சற்றுச் சாய்த்து இரண்டிரண்டு இழுப்பு இழுத்தால் அடி குறுகி மேல் அகன்று ஆப்பு வடிவம் வரும். இடுக்கில் பல்குச்சியால் துளிப் பசை தடவி, சிம்பை விரலால் அழுத்துங்கள். சுத்தியல் வேண்டாம். ஆப்பை அடித்து இறக்கினால் அடுத்த இரண்டு இடுக்குகள் வாயைத் திறக்கும். தளத்துக்கு மேலே அரை மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டு, நம் ஊர் ஈரத்துக்கு ஓர் இரவு முழுக்கக் காயவிடுங்கள். மறுநாள் கத்தியைத் தளத்தோடு படுக்கவைத்து, நார் போகும் திசையில் நீட்டத்தைச் சீவி எடுங்கள். எதிர்த்திசையில் சீவினால் சிம்பு ஆழத்தில் பிளந்து குழி விழும்.

அகலமான சிம்பு தளத்தில் ஒல்லியான தனிப் பலகையாகக் கண்ணில் குத்தும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. சிம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பென்சில் கரி தடவி, மறுபக்கத்தை வெறுமையாக விட்டு ஒட்டுங்கள். கோடு ஒரு பக்கம் மட்டும் தெரிவதால் கண் சிம்பை மறுபக்கத்துப் பலகையோடு சேர்த்தே பார்க்கும். சிம்புக்கான மரத்தை அந்தப் பலகையின் நிறத்துக்குப் பொருந்தத் தேர்ந்தெடுத்தால், காட்டிக்கொடுத்தால் ஒழியத் தெரியாது.

ஒரு மி.மீ.-க்கு மேலே போனாலோ பலகையே வளைந்திருந்தாலோ அதைக் கழற்றிவிடுவதே மேல். வெள்ளைப் பசையில் ஒட்டியது என்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை டிஷ்யூவில் நனைத்துப் பலகை மேல் போட்டு 15 நிமிடம் விடுங்கள், பசை இளகும். தண்ணீரும் இளக்கும், ஆனால் சுற்றியுள்ள பலகைகள் கூடுதலாக உப்பும். கொசுவர்த்தியோ சாமி விளக்கோ எரியும் அறையில் இதைச் செய்யாதீர்கள், சட்டெனத் தீப்பற்றும். இளகியதும் பலகையின் ஓரத்தில் கத்தி விடாமல் நடுவில் நீளவாக்கில் கீறி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நெம்பி எடுத்தால் அண்டைப் பலகைகளின் விளிம்பு தப்பும். காலியான இடத்தின் மேல் தாளை விரித்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் அதன் சரியான வடிவம் பதியும். அதற்குமேல் ஒரு மயிரிழை பெரிதாகப் புதுப் பலகை வெட்டி, அடி விளிம்புகளை மட்டும் சற்றுச் சாய்த்துத் தேய்த்துப் பொருத்துங்கள். மேல் விளிம்பு கச்சிதமாக மூடிக்கொள்ளும்.

சூப்பர் குளூ பற்றி ஒரு வார்த்தை. அவசரக்காரர்களுக்கு அதுதான் முதலில் கைக்கு வரும். மெல்லிய சூப்பர் குளூ இடுக்கு வழியாக ஓடி இரு பக்கமும் மரத்தில் ஊறி, வார்னிஷ் பட்டதும் எண்ணெய்க் கறை போன்ற பட்டையாகத் தெரியும். எத்தனை தேய்த்தாலும் போகாது, ஏனென்றால் அது மரத்தின் உள்ளே இருக்கிறது. காய்ந்தது மரத்தைவிடக் கெட்டி. தேய்க்கும்போது சுற்றியுள்ள மரம் பள்ளமாகி அது மட்டும் மேடாக நிற்கும். மாஸ்ட்டிலும் கயிற்று முடிச்சிலும் அதற்கு வேலை உண்டு. தளத்தில் இல்லை.

தளம் முழுக்க ஒரே அளவில் மெல்லிய இடுக்குகள் இருந்தால் ஒவ்வொன்றாகத் தேடி அடைக்கத் தேவையில்லை. எல்லாவற்றையுமே கருங்கோடாக மாற்றிவிடலாம். தளத்துக்கு அரக்கோ சாண்டிங் சீலரோ மெல்லியதாக இரண்டு பூச்சு கொடுத்து, காய்ந்தபின் 320 எண் தாளால் இலேசாக வருடிவிடுங்கள். பிறகு தண்ணீரில் கரையும் வெள்ளை ஃபில்லரில் அடர்பழுப்பு அக்ரிலிக் சாயத்தைக் குழைத்து, பழைய வங்கி அட்டையால் இடுக்குகளின் குறுக்கே இழுத்து நிரப்பி, உடனே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். சுத்தக் கறுப்பு வேண்டாம், சின்ன அளவில் அது கோடு போட்ட நோட்டுப் புத்தகம்போல் தெரியும். சீலர் பூசாமல் இதைச் செய்தால் சாயம் மரத்துளைகளிலும் பலகை முனைகளிலும் ஏறி, தளம் அழுக்குப் படிந்த நிறத்துக்குப் போய்விடும், மீட்கவே முடியாது. கடைப் பட்டிக்கு இந்தத் தொழிலில் நான் கொடுக்கும் இடம் இது ஒன்றுதான்.

எந்த வழியில் அடைத்தாலும் கடைசி வேலை உப்புத்தாளுக்கு அல்ல, சுரண்டுகத்திக்கு. பென்சில் கரி இருக்கும் தளத்தை உப்புத்தாளால் தேய்த்தால் கரித்தூள் வெளுத்த மரத்தில் பரவி எங்கும் சாம்பல் பூக்கும். புது பிளேடை ஏறக்குறைய நிமிர்த்திப் பிடித்து, பலகையின் நீளவாக்கில் இலேசாக இழுத்தால் சுருள் சுருளாகச் சீவல் வரும். தளமும் சமமாகும், கோடும் கருமை குறையாமல் நிற்கும். சீவலுக்குப் பதில் தூள் வந்தால் பிளேடு மழுங்கிவிட்டது. சின்னப் பிள்ளைகளிடம் பிளேடைக் கொடுக்க மனமில்லாதவர்கள், விளிம்பைத் தேய்த்து நேராக்கிய பழைய பிளாஸ்டிக் அளவுகோலில் 400 எண் தாளைச் சுற்றி, நாரோட்டத்தில் மட்டும் தேய்க்கச் சொல்லி, நாலு இழுப்புக்கு ஒருமுறை தூளைத் தூரிகையால் தட்டிவிடலாம். பிளேடு அளவுக்கு வராது, கெடுக்கவும் கெடுக்காது.

இன்னும் தளம் ஒட்டாதவர்களுக்கு: கீற்றுகளைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒரு வாரம் அந்த அறையிலேயே விரித்து வையுங்கள். பத்துக் கீற்றைச் சேர்த்து இடுக்கிப் பிடித்து விளிம்புகளை ஒன்றாகத் தேய்த்தால் எல்லாம் ஒரே அகலத்துக்கு வரும்; பெட்டியில் வருவது 3.9-உம் இருக்கும், 4.1-உம் இருக்கும். பிடித்த பிடியிலேயே விளிம்பில் பென்சில் கரியையும் தடவிவிடலாம். மார்க்கர் பேனா வேண்டாம், மை நாரில் ஊறும். பசையைப் பிளைவுட்டில் மெல்லிய படலமாகத் தடவுங்கள், பலகையின் விளிம்பில் வேண்டாம். விளிம்பில் பசை இல்லாவிட்டால் ஒவ்வொரு பலகையும் தன் பங்குக்குத் தனியாகச் சுருங்கும். அந்த இடுக்கு ஒரு தாள் கனத்தைத் தாண்டாது.

அடுத்த ஞாயிறு பகுதியில் வார்னிஷ் அடிப்பது வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். வார்னிஷ் ஏறிய விளிம்பில் வெள்ளைப் பசை பிடிக்காது, சிம்பும் நிற்காது. எல்லாவற்றையும் மறுபடி சுரண்ட வேண்டிவரும். ஆகவே இந்தக் கடிதத்தை முழுமையாக வெளியிட இடமில்லாவிட்டாலும், இடுக்கை அளப்பது, சிம்பு வைப்பது ஆகிய பகுதிகளையாவது அதற்கு முன்னதாக வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாதிரிக் கப்பல் கட்டும் வாசகர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு